வெறுந் தொட்டில்



நம் பங்கில் ஒரு தம்பதியர் இருக்கிறார்கள். கணவர் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அநுமானத்தைப் பெற்று 14 ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளை இல்லை. சென்ற மாதம் ஒருநாள் சாயந்திரம் ஜெபமாலை முடிந்தபின் இருவரும் என் அறைக்கு வந்து, "சாமி, எங்களுக்கு நேர்ந்ததைப் பங்குத் தாளில் எழுதுங்கள். பேர் மட்டும் வேண்டாம். எங்களைப் போல் இருக்கிறவர்கள் வாசிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஊரிலுள்ள தங்கையிடமும் அவள் புருஷனிடமும் உத்தரவு வாங்கிவிட்டார்களாம். ஆகையால் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாராக இருக்கும் என்று ஆராய்ச்சி செய்யவேண்டாம் என்று உங்களை மன்றாடுகிறேன். பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிற இடத்தில் அந்த ஆராய்ச்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பிள்ளையில்லாத வீட்டின் துன்பத்தைப் பற்றி நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்தத் துன்பத்தில் பாதி நாம் உண்டாக்குவது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஒரு கேள்வி. ஞானஸ்நான விருந்தில் "உனக்கு எப்போது?" என்று இன்னொன்று. முதல் நாலைந்து வருஷம் சிரித்து மழுப்பினாளாம். பிறகு விருந்துகளுக்கே போவதை நிறுத்திவிட்டாள். வைத்தியம் பார்த்தார்கள், கடன் பட்டார்கள். வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்து போனார்கள். பிறகு ஒருநாள் இருவருமாக யோசித்து, சுவீகாரம் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். சுவீகாரம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் இப்போது தத்தெடுத்தல் என்கிறோம்.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன்மார் காலத்தில் இந்த நாட்டில் கிறிஸ்தவர்களுக்குத் தத்துச் சட்டம் என்று ஒன்று இருந்ததில்லை. 1956-ல் வந்த சட்டம் இந்துக்களுக்கும், அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் உரியது. நம்மவர்கள் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் காப்பாளர் ஆகலாம், அவ்வளவுதான். பிள்ளை மேஜராகிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த உறவு முடிந்துபோகும். அது அப்பா என்று கூப்பிடும், இவரும் மகனே என்பார், ஆனால் காகிதத்தில் இருவரும் அந்நியர். 2000-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2006-ல் அதற்குச் செய்த திருத்தமும்தான் எந்த மதத்தாருக்கும் இந்தக் கதவைத் திறந்தன. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் ஆண்டுச் சட்டம். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார்.

கதவு திறந்ததே ஒழிய, வரிசை நீளம். தத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கும் தம்பதியர் நாடெங்கும் 30,000-க்கு மேல். 2024-25-ல் தத்துப் போன பிள்ளைகளோ சுமார் 4,500 பேர். கைக்குழந்தை வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு மேலும் காத்திருக்கவேண்டும். இந்த அவசரத்தில்தான் சிலர் தரகர் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போகிறார்கள். 2019-ல் இராசிபுரத்தில் குழந்தைகளை விலை பேசி விற்றது வெளிப்பட்டு ஊரே நடுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டுச் சிறைக்கு உரிய குற்றம், மகா பாவமும் கூட. நம் தம்பதியர் அந்தப் பக்கம் போகவில்லை, தேவனுக்குத் தோத்திரம்.

அவர்கள் கண்ட வழி வேறு. மனைவியின் தங்கை தூத்துக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் இல்லை. ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தபோது, "இந்தப் பிள்ளையை நீயே எடுத்துக்கொள், அக்கா" என்று தங்கையே சொன்னாள். உறவுக்குள் தத்தெடுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை, தாத்தா, பாட்டி ஆகியோர் எடுக்கலாம். பெற்றவர்கள் எழுத்து மூலம் சம்மதம் கொடுக்கவேண்டும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தார் இரு குடும்பத்தையும் விசாரித்து அறிக்கை கொடுக்கவேண்டும், ஆட்சியர் உத்தரவிடவேண்டும். எல்லாம் முறையாகவே நடக்கட்டும் என்று காகிதங்களைச் சேர்த்தார்கள். என்னிடமும் வந்து ஆசீர்வாதம் கேட்டார்கள். நான் சந்தோஷத்தோடு கொடுத்தேன். தங்கையின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வீட்டில் ஒரு சிறிய அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருக்கோடியில் இருக்கும் தச்சரிடம் சொல்லித் தேக்கு மரத்தில் ஒரு தொட்டில் செய்தார்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் யார் என்பதுகூட முடிவாகிவிட்டது. பள்ளியில் லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பிரசவத்துக்கு அக்காள் போனாள், உடனிருந்தாள், பிள்ளையை முதலில் கையில் வாங்கினவளும் அவள்தான். ஆண் பிள்ளை. ஒரு மாதம் கழித்துக் கணவரும் போய்ச் சேர்ந்தார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு நாள் குறித்தார்கள்.

அந்த நாள் காலையில் தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லையாம். "முடியவில்லை, அக்கா" என்று அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவள் புருஷனுக்கு அவமானமாகிவிட்டது. "வாக்குக் கொடுத்தாயே!" என்று சத்தம் போட்டான். தாயார் ஒரு பக்கம் அழுகிறாள். நம் பங்கைச் சேர்ந்த அந்தப் பெண் என்ன செய்தாள் என்றால், தங்கை புருஷனைப் பார்த்து, "அவளை ஒன்றும் சொல்லவேண்டாம். பிள்ளை அவளுடையது" என்று சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயந்திரமே இருவரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். பிள்ளைக்கென்று வாங்கிய சட்டைகளும் போர்வையும் ஒரு பையில் அப்படியே திரும்பி வந்தன. எழும்பூரில் இறங்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கணவர் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார்கள். அன்று நான் செய்ததை இன்று உங்கள் முன் பாவசங்கீர்த்தனம் போலச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிப் பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், எனக்கு நேரமில்லை. ஆகையால் கையில் எப்போதும் இருக்கிற ஆறுதலை எடுத்துக் கொடுத்தேன். "கவலைப்படவேண்டாம். ஆண்டவர் ஒன்றை எடுத்தால் அதைவிட மேலான ஒன்றை வைத்திருப்பார்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சாமி, அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வேறொன்றா? கடையில் மாற்றிக்கொள்கிற சாமானா அது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். ஒன்பது மணிப் பூசையில் என் பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்கவேண்டாம்.

பிரியமானவர்களே, குருமடத்தில் வேதசாஸ்திரம் படிக்கும்போது தேவபராமரிப்பு என்று ஒரு பாடம் உண்டு. சர்வேசுரன் தீமையிலிருந்தும் நன்மையை வருவிக்கிறார் என்று அதில் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். அது சத்தியந்தான். ஆனால் அந்தச் சத்தியத்தைத் துக்கப்படுகிறவனுடைய வாயை மூடுவதற்கு உபயோகித்தால் அது கல்லாகிப் போகிறது. அன்று அவள் கேட்டது என்னிடம் ரொட்டி. நான் கொடுத்தது கல். நஷ்டம் நஷ்டந்தான். அந்த ஆண் பிள்ளை அவர்கள் வீட்டுத் தொட்டிலில் தூங்கவில்லை, இனித் தூங்கப்போவதும் இல்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வரும்.

அந்த வாரம் தாவீது இராஜாவின் சரித்திரத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். தாம் கேதுரு மர மாளிகையில் குடியிருக்க, உடன்படிக்கைப் பெட்டகம் கூடாரத்தில் கிடப்பது அவருக்கு உறுத்திற்று. ஓர் ஆலயம் கட்டவேண்டுமென்று ஆசைப்பட்டார். நல்ல ஆசை, யாரும் குற்றம் சொல்ல முடியாத ஆசை. நாத்தான் தீர்க்கதரிசியும் கேட்ட உடனே, மனதிலுள்ளதைச் செய்யும் என்று சொல்லிவிட்டார். தீர்க்கதரிசியும் அவசரத்தில் தலையாட்டுவதுண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அன்றிரவே ஆண்டவருடைய வாக்கு வந்தது: ஆலயத்தைக் கட்டப்போவது தாவீது அல்ல, அவருக்குப் பின் வரும் குமாரன். தாவீதுக்கோ ஆண்டவரே ஒரு வீட்டை, அதாவது ஒரு வம்சத்தை, எழுப்புவார். கன்னிமரியம்மாளின் பத்தாவாகிய அர்ச். சூசையப்பர் அந்த வம்சத்தில் வந்தவர்தானே.

ஆனால் நான் இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது. ஆலயம் கட்டுவது தமக்கில்லை என்று தெரிந்தபின் தாவீது என்ன செய்தார்? கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. தாம் கட்டப்போகாத ஆலயத்துக்காகக் கல்லும், மரமும், இரும்பும், வெண்கலமும், பொன்னும் சேர்த்து வைத்தார். ஆசை நிறைவேறவில்லை; ஆனால் அந்த ஆசைக்கென்று அவர் இருதயத்தில் உண்டான இடம் வீணாகவில்லை. வேறொருவருக்கு அது உபயோகமாயிற்று.

இதே காரியத்தை நம் நாட்டிலும் நம் கண்முன் கண்டிருக்கிறோம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்பத் திருநாள். நான் அப்போது பூந்தமல்லி குருமடத்தில் மாணவன். காலையில் சேசு, மரி, சூசை என்னும் அந்தப் பரிசுத்த குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோம். மத்தியானத்துக்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்மஸ் யாத்திரைக்கு வந்திருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். இங்கே நமக்குப் பக்கத்திலேயே பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் குடிசைகளோடு உயிர்களும் போயின. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது, பிள்ளையில்லாத வீடுகளில் எல்லாம் ஒரே துடிப்பு. சென்னையிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும், "எங்களுக்கு ஒரு பிள்ளையைத் தாருங்கள்" என்று கேட்டார்கள். துணிமணி, பால்மாவு எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு.

அரசாங்கம் அவசரத் தத்துக்கு இடங்கொடுக்கவில்லை. முதலில் உறவினரைத் தேடவேண்டும், அண்ணன் தம்பி அக்காள் தங்கையைப் பிரிக்கக்கூடாது என்பது காரணம். அப்போது பலருக்கு வருத்தம், கோபமும்கூட. கொடுக்க மனம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளப் பிள்ளை இருக்கிறது, நடுவில் ஏன் காகிதம் என்று நாங்கள் சில குருமட மாணவர்களும் பேசிக்கொண்டோம். வயது அப்படி. பிறகு மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. செத்துப்போனான் என்று எண்ணின தகப்பன் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், பாட்டியோ சித்தப்பாவோ பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்துகொண்டிருக்கலாம். நம் பிள்ளையில்லாக் குறையைத் தீர்க்க அந்தப் பிள்ளை அனுப்பப்பட்டதல்ல. அதன் குறையைத் தீர்க்க நாம் அனுப்பப்படுகிறோமா என்பதுதான் கேள்வி.

சுனாமியில் அனாதைகளானவர்களுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்தியா என்னும் அரசுக் குழந்தைகள் காப்பகம் ஏற்பட்டது. 2005-ல் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திரு. ஜெ. இராதாகிருஷ்ணன். அவரும் அவருடைய துணைவியாரும் அந்தக் காப்பகத்துப் பிள்ளைகளிடம், சிறப்பாக இரண்டு சிறு பெண் குழந்தைகளிடம், பாசம் வைத்து அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். தத்து எடுக்கவில்லை. ஆனால் மாற்றலாகிப் போன பின்னும் அந்த உறவை விடவில்லை. வருஷங்கள் ஓடின. 2022 பிப்ரவரியில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு நாகப்பட்டினத்தில் கலியாணம் நடந்தபோது, முன்னின்று நடத்தி வைத்தவர் அவர்தான். அப்போது அவர் மாநிலத்தின் சுகாதாரத் துறைச் செயலாளர். நம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து அதிகாரிகளுக்கெல்லாம் மேலதிகாரி. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆனால் ரத்தமும் இல்லாமல், பத்திரமும் இல்லாமல், 17 வருஷம் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக நிற்பது எப்படி என்று அர்ச். சூசையப்பரைப் பாதுகாவலராகக் கொண்ட நாம் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சூசையப்பரும் முன்னதாக ஒரு யோசனை வைத்திருந்தவர்தான். ஒரு மணவாட்டி, நாசரேத்தூரில் ஒரு தச்சுப் பட்டறை, தம் சாயலில் நாலு பிள்ளைகள் என்று எந்த யூத வாலிபனும் எண்ணுவதுபோல் அவரும் எண்ணியிருப்பார். அந்த யோசனை உடைந்த இடத்தில்தான் சம்மனசு வந்து பேசினது. 1870-ல் 9-ம் பத்திநாதர் பாப்பரசர் அவரை அகில திருச்சபைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அதன் 150-ம் ஆண்டு நினைவாக 2020 டிசம்பர் 8-ல் பிரான்சிசு பாப்பரசர் ஒரு நிருபம் எழுதினார். பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவருவதால் மட்டும் ஒருவன் தகப்பன் ஆகிவிடுவதில்லை, அதைப் பொறுப்பாகத் தாங்குவதால்தான் ஆகிறான் என்ற கருத்தை அதில் விளக்கியிருக்கிறார். நம் வாசக அறையில் அதன் பிரதி இருக்கிறது, யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

இனி நம் தம்பதியரிடம் வருவோம். தொட்டில் வெறுமையாய்க் கிடந்த அந்த வீட்டில் என்ன நடந்தது?

"பிறகு அவளுக்கே பிள்ளை பிறந்தது" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். இல்லை. பிறக்கவில்லை. தத்து எடுத்தால் அந்த ராசியில் சொந்தப் பிள்ளை பிறக்கும் என்று நம்மில் சிலர் நம்புகிறார்களே, அது மூடநம்பிக்கை, கிறிஸ்தவனுக்கு அடாத நம்பிக்கை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குத் தூண்டில் இரையாக எண்ணுவது எவ்வளவு அநியாயம்!

நடந்தது இதுதான். ஐந்து மாதம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. பின் ஒருநாள் ஊரிலிருந்து தாயார் போன் செய்தாள்: தங்கை சரியாகச் சாப்பிடுகிறதில்லை, தூங்குகிறதில்லை, பிள்ளை அழுதாலும் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு அது, வைத்தியம் செய்தால் தீரக்கூடிய வியாதி. ஆனால் ஊரார், "அக்காளுக்குச் செய்த துரோகம் அவளைப் பிடித்துக்கொண்டது" என்று பேசினார்கள். தங்கையும் அதை நம்பிவிட்டாள். நம் ஆசிரியை அன்றிரவே கிளம்பிப் போனாள். போகிறபோது தன் மனதில் ஒரு சிறு கெட்ட எண்ணம் இருந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள். இப்போதாவது பிள்ளையைக் கொடுத்துவிடுவாள் என்ற எண்ணம். தூத்துக்குடி போய்ச் சேர்ந்து, தங்கை இருந்த கோலத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் செத்துப்போயிற்றாம்.

ஒரு மாதம் அங்கேயே இருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள், மருந்து கொடுத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு தங்கையைப் பேசவிட்டாள். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. பிள்ளையைக் கொடுப்பதாகத் தங்கை சொன்னது சந்தோஷத்தால் அல்ல. மூன்றாவது பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லை என்ற பயத்தாலும், அக்காளுடைய கண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமலும் சொன்னது. "நாங்கள் அவள் வறுமையைப் பார்த்தோம் சாமி, எங்கள் குறையைப் பார்த்தோம். அவளைப் பார்க்கவே இல்லை" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது, அவர்களுக்கு ஆசீர்வாதம் கொடுத்த நானும் தலை குனிந்தேன். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ஒரு கடிதமாவது எழுதச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை தேனாம்பேட்டையில் வளர்ந்திருக்கும். தாய் அங்கே உள்ளுக்குள் வெந்திருப்பாள். ஒருநாள் பிள்ளை கேட்கும், "என் அம்மா ஏன் என்னைக் கொடுத்தாள்?" என்று. அதற்கு உண்மையான பதில் பணம் என்பதாக இருந்திருக்கும். ஆண்டவர் தங்களை அதிலிருந்து காப்பாற்றினார் என்று இப்போது அவர்கள் இருவருமே சொல்லுகிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. நான் சொல்லியிருந்தால் அன்றுபோல மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

வறுமைக்கு மருந்து பிள்ளையை மாற்றுவதல்ல என்று கணவருக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தங்கை வீட்டில் ஒரு தையல் இயந்திரமும், முன்பக்கத்தில் ஒரு சிறு மளிகைக் கடையும் வைத்துக் கொடுத்தார். கடை பெரிதாக ஓடவில்லை, அதையும் மறைக்கவேண்டாம். மழைக்காலத்தில் அடுப்பு எரிகிறது, அவ்வளவு போதும். மூத்த பெண் பதினொன்றாம் வகுப்புக்கு இங்கே மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் சேர்ந்து பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவள் அவர்களுடைய பிள்ளையல்ல. லீவு விட்டால் அடுத்த ரயிலில் ஊருக்கு ஓடிவிடுகிறாள். அவள் போன மறுநாள் வீடு எப்படி இருக்கும் என்பதை அந்த ஆசிரியை எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது மூன்று வயது. கோடைக்கு வந்திருந்தபோது கோவிலில் பார்த்தேன். பூசை நேரத்தில் பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து அவள் ஜெபமாலையை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தான். தாய் பக்கத்தில் இருந்தாள். ரூத்தாகமத்தின் கடைசி அதிகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. புருஷனையும் இரண்டு குமாரரையும் பறிகொடுத்து, தன்னைக் கசந்தவள் என்றே கூப்பிடச் சொன்ன நோயேமி, மருமகளுடைய பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தாள். அயல்வீட்டு ஸ்திரீகள் அவளுக்கே பிள்ளை பிறந்தது என்று கொண்டாடினார்கள். செத்தவர்கள் எழுந்து வரவில்லை. நோயேமியின் நஷ்டம் நஷ்டமாகவே இருந்தது. ஆனாலும் மடி வெறுமையாக இல்லை. அந்தப் பிள்ளை தாவீது இராஜாவின் பாட்டன் என்பதை அந்த ஸ்திரீகள் அறியமாட்டார்கள். அவர்கள் பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், அதற்குப் பெயரும் வைத்தார்கள். அயல்வீட்டார் இருக்கவேண்டிய லட்சணம் அது.

நம் பங்கிலுள்ள அயல்வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒருவர், "நல்லதாய்ப் போயிற்று, உறவில் எடுத்தால் பின்னால் தகராறு" என்றாராம். இன்னொருவர், "உன் ஜெபத்தில் விசுவாசம் போதவில்லை" என்றாராம். சொன்னவர்கள் இதை வாசிப்பீர்கள். போய் மன்னிப்புக் கேட்கவேண்டுமென்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த விருந்தில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேறு ஏதாவது பேசுங்கள். மழையைப் பற்றிப் பேசுங்கள்.

தத்தெடுக்கும் எண்ணத்தை அவர்கள் விட்டுவிட்டார்களா என்று கேட்பீர்கள். சென்ற வருஷம் முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கையும் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை, கைக்குழந்தைதான் வேண்டுமென்று எழுதவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையானாலும், உடற்குறை உள்ள பிள்ளையானாலும் சரி என்று எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கேட்பவர்கள் குறைவு. "முதலில் எங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஜெபித்தோம். இப்போது எங்காவது ஒரு பிள்ளைக்கு நாங்கள் வேண்டியிருந்தால் காட்டும் என்று ஜெபிக்கிறோம்" என்றார் கணவர். அதிகம் பேசாதவர் அவர். அழைப்பு எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம், ஓர் அருள் நிறைந்த மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்.

அந்தத் தேக்குத் தொட்டில் என்னவாயிற்று என்றும் சொல்லவேண்டும். முதல் வருஷம் ஒரு வேஷ்டியால் மூடி அறையில் கிடந்தது. பிறகு பின்தெருவில் ஓர் ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டில் குழந்தை பிறந்து, தூளி கட்ட உத்திரம் இல்லை என்று கேள்விப்பட்டு, கணவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாள் தொட்டிலுக்குப் பொட்டு வைத்து, பூச்சுற்றிக் கொடுத்தாளாம். அன்றிலிருந்து அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை ஆறு பிள்ளைகள் அதில் தூங்கியிருக்கிறார்கள். நாலு பேர் நம் பங்கு, இரண்டு பேர் அயலார். இப்போது மூன்றாவது அன்பியத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. பிள்ளை தவழத் தொடங்கிவிட்டதால் அடுத்த மாதம் திரும்பி வரும். தேவைப்படுகிறவர்கள் உபதேசியாரிடம் சொல்லி வையுங்கள். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்